செம்மண் மேட்டில் திரும்பிய காடு

புதுச்சேரி நகருக்கு வடக்கே ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர் தொலைவில் செம்மண் மேடு ஒன்று உள்ளது. குயிலாப்பாளையம், கோட்டக்கரை, இரும்பை முதலிய ஊர்கள் அங்கே அமைந்துள்ளன. அரை நூற்றாண்டுக்கு முன்னர், ஐப்பசி மழை வலுத்த நாள்களில் அம்மேட்டின் மண் கரைந்தோடிக் கரையோரக் கடலைச் சிவக்கச் செய்தது. வானம் தந்த நீரும் நிலம் காத்த மண்ணும் ஒருசேர இழக்கப்பட்டன.

முன்பு அங்கே பசுமைமாறாக் காடு செழித்திருந்தது. வீட்டுக்கும் விறகுக்கும் மரங்கள் வெட்டப்பட்டன. எஞ்சிய வேர்களில் துளிர்த்த தளிர்களை ஆடுகள் மேய்ந்தன. இலைகளின் காப்பை இழந்த நிலத்தை மழைத்துளிகள் நேரே தாக்கின. மேல்மண் இறுகி நீரை உறிஞ்ச மறுத்தது. வழிந்தோடிய நீர் சிறு கோடுகளாகத் தொடங்கி, ஆள் உயரத்தையும் மிஞ்சிய பள்ளங்களாக நிலத்தைப் பிளந்தது. கடுவெளிச் சித்தரின் சாபமே இவ்வறட்சிக்குக் காரணம் என்றொரு கதை இரும்பையில் வழங்குகிறது. நிலத்தின் துயரம் ஊரார் நெஞ்சில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது என்பதற்கு அக்கதையே சான்று.

1968ஆம் ஆண்டு பிப்ரவரி 28 அன்று அம்மேட்டில் ஆரோவில் நகரம் தொடங்கப்பட்டது. நிழலுக்கும் வழியற்ற அந்நிலத்தில் குடியேறியவர்கள் மரக்கன்றுகளை நட்டனர். மாட்டுவண்டியிலும் குடங்களிலும் நீர் கொணர்ந்து ஊற்றினர். ஆடுகள் அண்டாதபடி முள்வேலி இட்டனர். ஆயினும், ஓடும் நீரை நிறுத்தாமல் மரத்தைக் காக்க இயலாது என்பதை நிலமே அவர்களுக்கு உணர்த்தியது. ஆகவே மண்வெட்டி முதன்மை பெற்றது. சரிவுக்குக் குறுக்கே, சமமட்டத்தில் மண்வரப்புகள் எழுந்தன. பள்ளங்களில் சிறு தடுப்பணைகள் கட்டப்பட்டன. சுற்றியுள்ள சிற்றூர் மக்களின் உழைப்பும் அவ்வரப்புகளில் கலந்துள்ளது. விழுந்த இடத்திலேயே மழைநீர் தங்கியது. மண்ணுக்குள் இறங்கி நிலத்தடி நீரையும் வளர்த்தது.

வறண்ட மண்ணில் விரைந்து வளரும் ஆஸ்திரேலிய அக்கேசியா மரங்கள் முதலில் பெருமளவில் நடப்பட்டன. அவை நிழல் தந்தன. இலைகளை உதிர்த்து மண்ணை மூடின. வேர்முடிச்சுகளால் நைட்ரஜனைச் சேர்த்தன. அந்நிழலில் மண்ணின் மரங்களுக்கு இடம் உண்டாயிற்று. அவற்றின் விதைகளுக்காகக் கோயில் காடுகளை நாடினர். ஐயனாருக்கு அஞ்சிக் கோடரி நுழையாத அச்சிறு தோப்புகளில்தான் வீரையும் காயாவும் உலக்கைப்பாலையும் கருங்காலியும் பிழைத்திருந்தன. முன்னோரின் பக்தி காத்த விதைகள் பின்னோரின் உழைப்பால் காடாயின. காலப்போக்கில் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள் அம்மேட்டில் நடப்பட்டன.

2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. நெடிதுயர்ந்த அக்கேசியாக்கள் பெருந்தொகையாகச் சாய்ந்தன. மெல்ல வளர்ந்து ஆழ வேரூன்றிய மண்ணின் மரங்களோ பெரும்பாலும் தாங்கி நின்றன. விரைந்து வளர்ந்தது வீழ்ந்தது; எனினும் அது வீணாகவில்லை. தான் நின்ற காலத்தில் அடுத்த தலைமுறைக்கு நிழல் கொடுத்துவிட்டே அது சாய்ந்தது.

ஒரு விரற்கடை மேல்மண் உருவாக நூற்றாண்டுகள் ஆகும். அதனைக் கரைக்கச் சில மழைகளே போதும். காடு வளர்ப்பு கன்று நடும் விழாவோடு முடிவதில்லை; வரப்பில் தொடங்கி, வேலியில் காக்கப்பட்டு, தலைமுறைகளின் பொறுமையில் நிறைவெய்துவது அது. ஒருகாலத்தில் கடலைச் சிவக்கச் செய்த அம்மேட்டில், இன்று மழைநீர் இலைச்சருகுகளின் அடியில் ஓசையின்றி மண்ணுக்குள் இறங்குகிறது.