கல் முளைக்கும் காடு

எங்கள் காட்டில் கல் முளைக்கிறது என்று அப்பா சொல்வார். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம், சரிவில் இருக்கிற நிலம். எவ்வளவு கல் பொறுக்கிப் போட்டாலும் அடுத்த உழவில் அதே அளவு கிடக்கும். மலை மண்ணின் குணம் அப்படி என்றுதான் நானும் இருந்தேன்.

ஒரு ஐப்பசி மழை விட்டதும், இளம் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளிக் காட்டுக்குள் குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு சிறு கல்லும் விரல் கனத்து மண்திட்டின் மேல் உட்கார்ந்திருந்தது. கல் மூடிய இடத்தில் மண் தங்கியிருந்தது. மழை நேராக அடித்த இடத்தில் அந்த உயரத்துக்கு மண்ணே இல்லை. மேட்டுக் கடுக்காய் மரத்தின் வேர்கள் வெளியே தெரிந்தன. அந்த மரம் முளைத்த காலத்தில் தரை அவ்வளவு உயரத்தில் இருந்திருக்கிறது! கல் முளைக்கவில்லை. மண் இறங்கிக்கொண்டிருந்தது.

இதில் பயிருக்கும் பங்கு உண்டு. சாமையும் தினையும் நெருக்கமாக முளைத்து, சல்லிவேரால் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். குச்சிக்கிழங்கு நட்டால் முதல் இரண்டு மூன்று மாதம் இலை தரையை மூடாது. பிடுங்கும்போதும் மண்ணைக் கிளறிப் போடுகிறோம். ஆனாலும் கிழங்கை நான் குறை சொல்ல மாட்டேன். ஆத்தூர், சின்னசேலம் ஜவ்வரிசி மில்களுக்கு அது போவதால்தான் மலையில் பல வீட்டுப் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

மலையில் கரையும் மண் ஓடைகளில் சேறாக இறங்குகிறது. கச்சிராயபாளையம் அருகே 46 அடி கோமுகி அணை இருக்கிறது. அங்கே போய்ப் படியும் சேறு, கீழ்நாட்டு வயல்களுக்கான தண்ணீரின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. மேலே இருப்பவனுக்கும் நஷ்டம், கீழே இருப்பவனுக்கும் நஷ்டம்.

பிறகு கொத்தனாரின் டியூப் லெவலை வாங்கி, சரிவின் குறுக்கே ஒரே மட்டத்தில் முளைக்குச்சி அடித்தோம். காட்டில் பொறுக்கிய கல்லையே அந்த வரிசையில் அடுக்கி, ஓரத்தில் வெட்டிவேர் நட்டோம். கல் வரப்பு தண்ணீரைத் தடுத்து நிறுத்தாது. வேகத்தைக் குறைக்கும், மண்ணை வடிகட்டும். இப்போது வரப்பின் மேல்புறம் மண் மெத்தென்று சேர்கிறது, கிழங்கும் அங்கேதான் திரண்டு வருகிறது. மண் விரைவாகப் பெருகிவிடாது, ஆனால் போய்க்கொண்டிருந்தது கொஞ்சமாவது நின்றிருக்கிறது.

மலையில் வெள்ளாமை செய்யும் பங்காளிகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மேலிருந்து கீழாக ஏர் ஓட்டாதீர்கள், குறுக்கே ஓட்டுங்கள். பொறுக்கிய கல்லை ஓடையில் கொட்டாதீர்கள். வரப்பு வேலையைப் புரட்டாசிக்குள் முடித்துவிடுங்கள்.