பிரிக்க முடியாத லென்ஸ்!

உங்க மூக்கு மேலே கண்ணாடி இருக்கா? அப்ப நீங்க நம்ம கட்சி. எனக்கு மைனஸ் 5.5. கண்ணாடியைக் கழற்றி வெச்சா, எதிர்ல வர்றது ஹெச்.ஓ.டி-யா, ரூம்மேட்டானு தெரியாம ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி குட்மார்னிங் சொல்ற ஆள் நான்.

இப்படிப்பட்டவனுக்குக் கடலுக்கு அடியில மீன் பார்க்கணும்னு ஆசை. சொந்த ஊர் ஆரணி. பட்டும் அரிசியும்தான் எங்க ஊர் அடையாளம். கடலைப் பார்க்கணும்னா பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறணும். டைவிங் மாஸ்க்குக்குள்ள மூக்குக்கண்ணாடி போட முடியாது. காம்பு இடிச்சு, இடுக்கு வழியா தண்ணி உள்ளே வந்துடும். அதனால பவர் லென்ஸை மாஸ்க் கண்ணாடியோட உள்பக்கம் பசை போட்டு ஒட்டிடுவாங்க. அந்த லென்ஸோட முன்பக்கம் தட்டையா இருக்கும், வளைவெல்லாம் பின்பக்கம்தான். தண்ணிக்குள்ள போனாலும் பவர் மாறாது. புதுசா செய்ய ஆகுற செலவைக் கேட்டா, ஒரு செமஸ்டர் மெஸ் பில் ஞாபகம் வருது.

அப்பதான் நண்பனோட மாமா ஒரு பழைய மாஸ்க் கொடுத்தார். சிலிக்கான் கிழிஞ்சு, மஞ்சளா பல் இளிச்சுது. ஆனா, உள்ளே மைனஸ் 5 லென்ஸ் ரெண்டு! அரை பவர் கம்மி, பரவாயில்லை. லென்ஸைப் பிரிச்சு, புது சாதா மாஸ்க்ல ஒட்டிட்டா மேட்டர் ஓவர். 'மூணாவது வருஷ மெக்கானிக்கல் ஸ்டூடன்ட், இதுகூடவா முடியாது?'னு ஒரு கெத்து.

முடியலை பாஸ். பிளேடை இடுக்குல விட்டு நெம்பினேன். இடது லென்ஸ் 'டிக்'னு குறுக்கே விரிசல் விட்டுது. ஒரு கண் அவுட்!

தறியில இருந்த அப்பா எட்டிப் பார்த்தார். "இன்னாடா பண்ற?" சொன்னேன். சிரிச்சார். "கோந்தை நெம்பி எடுக்கக் கூடாதுடா. ஊற வெச்சு எடுக்கணும். பட்டுக்கு இன்னா பண்றோம்?"

பொளேர்னு இருந்துச்சு. பட்டுப்புழு விடுற நூல்ல ரெண்டு இழை, அதைச் சுத்தி இயற்கைக் கோந்து. மொத்த எடையில ஏறக்குறைய கால்வாசி கோந்துதான். சோப்புத் தண்ணியில காய்ச்சி அதை எடுத்தாதான் பட்டுக்கு மினுமினுப்பு வரும், சாயம் பிடிக்கும். அதாவது, கோந்து எடுக்கறது எங்க ஊர்ல தினசரி வேலை. அதை விட்டுட்டு நான் பிளேடைத் தூக்கியிருக்கேன்.

ரெண்டாவது ரவுண்டு. நீங்களும் செய்யப்போறீங்கன்னா கவனம்: முதல்ல லென்ஸ் கண்ணாடியா, பிளாஸ்டிக்கானு பாருங்க. நகத்தால தட்டினா கண்ணாடி 'டிங்'னும், பிளாஸ்டிக் 'டொக்'னும் சொல்லும். கண்ணாடின்னா மட்டும் அசிட்டோன். சில பிளாஸ்டிக்கை அது பாழாக்கிடும். ஃபிரேம்ல இருந்து கண்ணாடியைத் தனியா கழற்றிடணும். அசிட்டோன் குப்புனு தீப்பிடிக்கும், அதனால மொட்டை மாடியில, அடுப்பு, பீடி எதுவும் பக்கத்துல இல்லாம. மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவுல நாலு நாள் ஊற வெச்சேன். ஓரத்துல இருந்துதான் உள்ளே போகும், அவசரப்பட்டா வேலைக்கு ஆகாது. அப்புறம் நல்லா காய விட்டு, கழுவி, வெதுவெதுப்பான தண்ணியில போட்டு, கொஞ்சம் கொஞ்சமா சூடு ஏத்தினேன். சூட்டுல இருந்து சட்டுனு பச்சைத் தண்ணிக்கு மாத்தினா கண்ணாடி விரிசல் விட்டுடும்.

கடைசி அஸ்திரம், முறுக்கின பட்டு நூல். ஒரு முனை நான், மறு முனை அப்பா. லென்ஸுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல ரம்பம் மாதிரி இழுக்கணும்.

"அப்பா, பசைக் கோட்டுக்கு நேரா பிடிப்பா."

அப்பா தப்பாவே பிடிச்சார். மறுபடி சொன்னேன். மறுபடி தப்பு. அப்புறம் அவர் கண்ணை மூடிக்கிட்டார். விரலால ஓரத்தைத் தடவி, மிகச் சரியா நூலை உள்ளே விட்டார். ரெண்டே நிமிஷம். தோசைக்கல்லுல இருந்து தோசை கிளம்புற மாதிரி லென்ஸ் வழுக்கிக்கிட்டு வந்துச்சு.

எனக்குச் சந்தோஷம் வரலை.

"எத்தினி நாளாப்பா கண்ணு தெரியல?"

"ரெண்டு வருசமா கிட்டத்துல மசமசன்னு கீது. பாவு அறுந்தா தடவிப் பாத்து முடிஞ்சிடுவேன். ராத்திரில ஒங்கம்மா பாத்துக்குவா. வெளில சொல்லாத. தெரிஞ்சா நல்ல டிசைன் தர மாட்டாங்க."

அப்பாவுக்கு 48 வயசு. இது வெள்ளெழுத்து. நாற்பதுக்கு மேலே கண்ணுக்குள்ள இருக்குற லென்ஸ் விறைச்சுப் போறதால எல்லாருக்கும் வர்றதுதான். 2018-ல வெளியான ஓர் ஆய்வு, அசாம்ல 40 வயசு தாண்டிய தேயிலைத் தொழிலாளர்கள்கிட்ட நடந்தது. கிட்டப் பார்வைக் கண்ணாடி கொடுத்தவங்க பறிச்ச தேயிலை, கொடுக்காதவங்களைவிட சுமார் 22 சதவிகிதம் அதிகமாச்சு. ஒரு சாதாரண கண்ணாடி, அவ்வளவுதான். மீன் பார்க்க நான் ஒரு மாசம் மண்டையை உடைச்சுக்கிட்டேன். என் பவரைப் புள்ளி வெச்சு சொல்லத் தெரிஞ்ச எனக்கு, என் ஃபீஸைக் கட்டுற கண்ணோட பவர் தெரியலை.

மறுநாளே அப்பாவைக் கண் டாக்டர்கிட்ட அழைச்சுட்டுப் போனேன். ப்ளஸ் 2. கண்ணாடி ரெடியானதும் தறிக்குழியில இறங்கி உட்கார்ந்து, பாவைக் குனிஞ்சு பார்த்தார். ரொம்ப நேரம் எதுவும் பேசலை. அப்புறம் அம்மாவைக் கூப்பிட்டு, "நீ இன்னிக்கி சீக்கிரமா தூங்கு"ன்னார்.

லென்ஸ் என்னாச்சுனு கேக்குறீங்களா? புது மாஸ்க்கைப் போட்டு, தூரத்துல பார்த்து, கருவிழிக்கு நேரா மார்க் பண்ணி, புற ஊதா வெளிச்சத்துல இறுகுற பசையால ஒட்டினேன். செல்போன் கடையில டெம்பர்டு கிளாஸ் ஒட்டுவாங்களே, அந்த வகைதான். விளக்குக்குக் காசு இல்லை. ஆரணி வெயிலுக்குக் குறையா என்ன? மொட்டை மாடியிலேயே இறுகிடுச்சு. ஓரத்துல ஒரு சின்னக் குமிழ் மட்டும்.

நீச்சல் தெரிஞ்ச ரெண்டு நண்பர்களோட, பம்புசெட் கிணத்துல டெஸ்ட் டிரைவ். இடது கண்ணுல பனிமூட்டம். வலது கண்ணுல படிக்கட்டுப் பாசி ஒவ்வொண்ணும் துல்லியம்! பாண்டிச்சேரி அடுத்த லீவுல.

அதுக்கு முன்னாடி ஒண்ணு பாஸ். இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் அப்பா, அம்மா பேப்பரை எவ்வளவு தூரத்துல பிடிச்சுப் படிக்கிறாங்கனு கொஞ்சம் பாருங்க.