எட்டு கிலோமீட்டர் தூரத்தில் பிறந்த வீடு

மதுரை தெற்கு மாசி வீதியில் பிறந்து வளர்ந்தவள் நான். திருப்பரங்குன்றத்தில் வாழ்க்கைப்பட்டபோது, "ஊருக்கு வெளியே தள்ளிட்டீங்களே!" என்று அம்மாவிடம் மூக்கைச் சிந்தினேன்.

"போடி பைத்தியக்காரி! பங்குனியில முருகன் கல்யாணத்துக்கு மீனாட்சியே எட்டு கிலோமீட்டர் போறா. நான் வரமாட்டேனா?" என்றாள். சொன்னபடியே வருஷம் தவறாமல் முறுக்கு டப்பாவோடு வந்தாள்.

ஊரைச் சுற்றிக் காட்டியவர் என் மாமியார். அறுபடை வீடுகளில் முதலாவது இது. 8-ம் நூற்றாண்டில், பாண்டியர் காலத்தில் மலையைக் குடைந்து அமைத்த கருவறை. பாறையிலேயே செதுக்கிய முருகன் என்பதால் அபிஷேகம் அவர் வேலுக்குத்தான். மலையில் சமண முனிவர்களின் கற்படுக்கைகள். உச்சியில் சிக்கந்தர் தர்கா. முகூர்த்த நாளென்றால் தெருவெல்லாம் மாலையும் கழுத்துமாக மணமக்கள்! பிரசவத்துக்குப் பின் எனக்கு உடம்பு கனத்தபோது, "காலையில மலையைச் சுத்தி நட" என்றார் மாமியார். அந்த நடைதான் இன்றும் கைகொடுக்கிறது.

2011-ல் எங்கள் ஊர் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்தது. "இப்ப நீயும் மதுரைக்காரிதான்" என்று சிரித்தாள் அம்மா.

முட்டிவலியால் இப்போது அவளால் பஸ் ஏற முடியவில்லை. சித்திரையில் மீனாட்சி கல்யாணத்துக்கு எங்கள் முருகன் தெய்வானையோடு மதுரைக்குப் போவார். நானும் அன்றைக்கு மட்டும் போய்வந்தேன். மற்ற நாளெல்லாம் வேலை, வேலை!

போன வருஷம் அம்மா கேட்டாள்: "எனக்குத்தான் எட்டு கிலோமீட்டர் தூரமாயிடுச்சு. உனக்குமாடி?"

சகோதரிகளே, அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் டவுன் பஸ் ஏறிவிடுகிறேன். கையில் முறுக்கு டப்பா!