எழும்பவும் கைகொடுங்கள்



அன்பினாலும் ஒருவரைச் சுகவீனப்படுத்தக் கூடும் என்பதை மும்பையில் என் சொந்த வீட்டிலேயே கற்றுக்கொண்டேன். உங்களில் ஒருவருக்காவது பயன்படும் என்று இதை எழுதுகிறேன்.

என் கணவருக்கு இருதயத்தில் பைபாஸ் அறுவை சிகிச்சை நடந்தது. சபையார் உபவாசித்து ஜெபித்தார்கள். கர்த்தர் உயிரைத் திரும்பத் தந்தார். வீட்டிற்கு வந்தபின் அவரைக் கட்டிலைவிட்டு இறங்க நான் விடவில்லை. நடைப்பயிற்சி அட்டவணை பீரோவுக்குள் போயிற்று. மூச்சை உள்ளிழுத்து மூன்று பந்துகளை உயர்த்தும்படி கொடுக்கப்பட்ட கருவி, பேரப்பிள்ளையின் விளையாட்டுப் பொருளாயிற்று. தையல் பிரிந்துவிடும் என்று அஞ்சி, "இருமாதீர்கள்" என்றும் தடுத்தேன்.

பத்தாம் நாள் காய்ச்சல் கண்டது. சளி தேங்கி நிமோனியாவாகியிருந்தது. மறுபடியும் மருத்துவமனை.

அங்கிருந்த பிசியோதெரபிஸ்ட் மராட்டியப் பெண் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "ஆன்ட்டி, படுத்தே இருந்தால் நுரையீரலின் அடிப்பாகம் நன்றாய் விரியாது, சளி வெளியேறாது, கால்களில் இரத்தம் உறையவும் கூடும்" என்று பொறுமையாய் விளக்கினாள். தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு இரும அவருக்குக் கற்பித்தாள். முதலில் கட்டில் ஓரத்தில் உட்காருதல், பின்பு நாற்காலி, பின்பு வராந்தாவில் சில அடிகள்.

முற்காலத்தில் மருத்துவர்களும் என்னைப் போலவே எண்ணி, மாரடைப்பு கண்டவர்களை வாரக்கணக்கில் படுக்கையில் கிடத்தினார்கள். 1952-ல் பாஸ்டன் மருத்துவர்களான சாமுவேல் லெவைனும் பெர்னார்ட் லவுனும், அவர்களை நாற்காலியில் உட்காரவைத்தே சிகிச்சை அளிக்கலாம் என்று எழுதினார்கள். 1966-ல் டல்லாஸ் நகரில் ஆரோக்கியமுள்ள ஐந்து வாலிபரை மூன்று வாரம் படுக்கையில் வைத்துச் சோதித்தபோது, உழைப்பின்போது உடல் பிராணவாயுவைப் பயன்படுத்தும் திறன் கால் பங்குக்குமேல் குறைந்துபோயிற்று. வாலிபருக்கே அப்படியானால், நோயாளிக்கு எப்படியிருக்கும்!

சூரைச்செடியின்கீழ் சோர்ந்து படுத்த எலியாவைத் தேவதூதன் போஷித்தான். மறுபடியும் படுத்துக்கொள்ளவும் விட்டான். பின்பு பிரயாணத்திற்கென்று எழுப்பினான். ஓய்வும் தேவனுடைய ஈவு. எழும்புதலும் அவருடைய ஈவு. நான் பாதியை மாத்திரம் அறிந்திருந்தேன்.

இப்பயிற்சிகளை மருத்துவரின் ஆலோசனைப்படியே தொடங்குங்கள். நடக்கும்போது பேச முடியாதபடி மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள். நெஞ்சுவலியோ தலைசுற்றலோ கண்டால் உடனே நிறுத்தி, மருத்துவரிடம் தெரிவியுங்கள். பிளந்த மார்பெலும்பு நன்றாய்ச் சேர இரண்டு மூன்று மாதமாகும். அதுவரை தண்ணீர்க் குடம் தூக்கலாகாது.

எங்கள் சாலின் வராந்தாவில் நாளுக்கு ஒரு வாசலாகக் கூட்டி நடந்தார் என் கணவர். மூன்றாம் மாதத்தில், இரண்டாம் மாடியிலுள்ள ஆராதனைக் கூடத்திற்குத் தாமே படியேறினார். நான் ஒரு படி பின்னால் கையை நீட்டியபடியே சென்றேன்; தொடவில்லை.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டில் படுத்திருப்பவருக்காக முழங்காலில் நில்லுங்கள். பின்பு அவர் எழும்பவும் கைகொடுங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.