பால் மறக்கும் வாரம்

பால் மறக்கடிக்கும் நாளில் எங்கள் பன்றிப் பண்ணையில் குட்டிகளைத் தூக்குவதில்லை. தாயைத்தான் வேறு கொட்டிலுக்கு ஓட்டுகிறோம். பழகிய தரை, பழகிய வாசனை, கூடப்பிறந்ததுகள் எல்லாம் அப்படியே இருந்தால் பாதி மிரட்சி போய்விடும். இரண்டு ஈற்றுக் குட்டிகளை அன்றே ஒன்றாக விட்டால் போச்சு, விடிவதற்குள் காதெல்லாம் கீறல்.

ஆனால் பெரிய தலைவலி வயிறுதான். அதுவரை பாலையே செரித்த குடலுக்குத் திடீரென்று சோளமும் சோயாவும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தியும் நின்றுவிடும். சொந்தச் சக்தி இன்னும் முழுதாக ஊறியிருக்காது. அந்த இடைவெளியில்தான் ஈ கோலை கிருமி புகுந்து கழிச்சலைக் கிளப்பும். காலையில் முதலில் நான் பார்ப்பது முகத்தை அல்ல, வாலடியை. ஈரமாக ஒட்டியிருந்தால் அன்றைய பொழுது அவ்வளவுதான். ஐரோப்பாவில் இதற்கு மருந்தளவில் துத்தநாக ஆக்சைடைத் தீவனத்தில் கலந்தார்கள்; சாணத்தோடு மண்ணில் சேர்கிறது என்று 2022 ஜூனில் அதற்குத் தடை. அங்கே பொதுவாக 28 நாளுக்கு முன் பிரிக்கவும் கூடாது.

சீக்கிரம் பிரிக்க ஆசை வரத்தான் செய்யும். பால் நின்ற ஒரு வாரத்துக்குள் தாய் மறுபடி பருவத்துக்கு வந்துவிடுகிறதே! நான் நாளைவிட எடையைத்தான் நம்புகிறேன். பத்து நாள் வயதிலிருந்தே குட்டித் தீவனம் கொஞ்சம் தூவி வைப்பேன். தின்பதைவிட மிதிப்பதுதான் அதிகம். மிதிக்கட்டும், மூக்கு பழகினால் போதும்.