மாற்றுவழி

சென்னைச் சாந்தோம் நெடுஞ்சாலை நெருக்கம் மிக்கது. அதில் ஓர் ஊர்தி பழுதுற்று நிற்பின், பின்வருவன யாவும் தேங்கும். அவ்வேளை கைகொடுப்பது, கலங்கரை விளக்கம் முதல் பட்டினப்பாக்கம் வரை கடலோரமாக நொச்சிக்குப்பத்தின் வழியே செல்லும் லூப் சாலை.

இத்தகைய மாற்றுவழிகளைப் பொறியாளர் கணிப்பொறியில் முன்னரே ஓட்டிப் பார்ப்பது உண்டு. ஒவ்வோர் ஊர்தியையும் ஒரு புள்ளியாக்கி, அதன் விரைவையும் முன்செல்லும் ஊர்திக்கு அது விடும் இடைவெளியையும் கணக்கிற் கொடுப்பர். ஒரு சாலை அடைபட்டால் எத்தனை ஊர்திகளை எவ்வழியே திருப்பலாம் என்பது அதனால் விளங்கும். விடை சிலபோது வியப்பளிக்கும். புதுச்சாலை ஒன்றைத் திறப்பதே அனைவர்க்கும் பயண நேரத்தை நீட்டிக்கக்கூடும் என 1968-இல் செருமானியக் கணித அறிஞர் பிரேசு காட்டினார்!

நொச்சிக்குப்பத்திலோ, சாலை வெறுஞ்சாலையன்று. மீனவப் பெண்டிர் நெடுங்காலமாக அதன் ஓரத்தே மீன் விற்று வந்தனர். 2023-இல் உயர்நீதிமன்ற ஆணையை ஒட்டிக் கடைகள் அகற்றப்பட்டபோது, குப்பத்தார் சாலையை மறித்துப் போராடினர், மாற்றுவழியே அடைபட்டது. புள்ளிகளை மட்டும் எண்ணும் கணக்கில் இதற்கு இடம் ஏது?

2024-இல் அங்கே மீன் அங்காடி கட்டித் திறக்கப்பட்டது. ஆயினும், வஞ்சிரத்தின் விலை கேட்க ஒருவர் வண்டியை ஓரங்கட்டினால் பின்வருவோர் எத்துணை நொடி நிற்பர், கூடை சுமந்த மூதாட்டி சாலையைக் கடக்க எத்துணை நொடி ஆகும் என்பனவற்றைக் கணக்கிடுவோர் குப்பத்தின் கரையில் நின்றுதான் அளக்க வேண்டும்.