துடைக்கும் கைக்குத் தெரியும்

எங்கள் தெருவின் கோடி வீட்டில் ஓர் இளைஞர் இருக்கிறார். ஞாயிறுதோறும் மாலையில் தம் மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்தி, ஏதோ ஒரு திரவத்தைப் பீய்ச்சி, ஐந்து நிமிடங்களில் துடைத்து முடித்துவிடுவார். வண்டி கண்ணாடிபோல் மின்னும். அண்மையில் ஒரு நாள் அவ்வழியே சென்ற நான் நின்று, "இருக்கையின் அடிப்பக்கத்தைத் துடைப்பதில்லையா, தம்பி?" என்று கேட்டேன். "அதை யார் தாத்தா பார்க்கப் போகிறார்கள்?" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் வீடு வந்து சேர்ந்த பின்னும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஏனெனில், 1983-ஆம் ஆண்டில் அதே கேள்வியைக் கேட்டவன் நான். அன்று எனக்குக் கிடைத்த விடையை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

அப்போது தூத்துக்குடி தனி மாவட்டமாக ஆகவில்லை. 1986-இல்தான் அது திருநெல்வேலியிலிருந்து பிரிந்தது. அந்நகரில், கிராம மக்களின் உடல்நலப் பணியில் ஈடுபட்டிருந்த ஓர் அலுவலகத்தில் நான் பண்டகக் காப்பாளனாக இருந்தேன். மருந்துகளோடு பன்னிரண்டு மோட்டார் சைக்கிள்களும் என் பொறுப்பில் இருந்தன. களப்பணியாளர்கள் விடியற்காலையில் அவற்றில் மருந்துப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு, திருச்செந்தூர், குலசேகரன்பட்டினம், மணப்பாடு எனக் கடலோரமாகவும், சாத்தான்குளம் பக்கம் உள்நாட்டிலும் செல்வார்கள். இருட்டிய பிறகே திரும்புவார்கள்.

அந்த வட்டாரத்தில் வண்டியின் வண்ணப் பூச்சுக்கு எதிரிகள் பலர். உப்பளக் காற்று ஒன்று. ஆடி மாதக் காற்று வாரியடிக்கும் தேரிக்காட்டுச் செம்மணல் மற்றொன்று. எல்லாவற்றுக்கும் மேலாக வெயில். வெயிலின் கதிர்கள் பூச்சிலுள்ள பிசினைச் சிதைத்துவிடும். பிசின் சிதைந்தால் நிறப்பொடி பிடிப்பிழந்து, விரலால் தொட்டாலே ஒட்டிக்கொள்ளும். எங்கள் வண்டிகளின் அரக்குச் சிவப்பு நிறம் நான்கைந்து ஆண்டுகளில் காய்ந்த செங்கல் நிறமாகிவிட்டது. மட்கார்டுகளின் ஓரங்களில் துரு அரும்பியிருந்தது.

அவ்வாண்டு அக்டோபர் மாதத் தொடக்கத்தில் எங்கள் மேலாளர் என்னை அழைத்தார். இன்னும் மூன்று வாரங்களில் தலைமையகத்திலிருந்து ஓர் அதிகாரி பார்வையிட வருகிறார் என்றும், அதற்குள் பன்னிரண்டு வண்டிகளும் புதியனபோல் நிற்கவேண்டும் என்றும் கூறினார். ஒதுக்கிய பணமோ மிகக் குறைவு. நான் ஒரு கணக்குப் போட்டேன். பழைய பூச்சின் மீதே ஒரு பூச்சுத் தெளித்துவிட்டால் பணமும் மிஞ்சும், நாளும் மிஞ்சும். அடியில் என்ன இருக்கிறது என்று யார் பார்க்கப் போகிறார்கள்?

பெயின்ட் அடிப்பதற்கு ஊரில் பெயர் பெற்ற ஒரு பெரியவரைத் தேடிச் சென்றேன். எல்லாரும் அவரைப் பெயின்டர் அண்ணாச்சி என்றே அழைப்பார்கள். அறுபது வயதைக் கடந்தவர், பேச்சுக் குறைவு. அலுவலகத்திற்கு வந்து, பன்னிரண்டு வண்டிகளையும் ஒவ்வொன்றாகச் சுற்றிவந்து, விரலால் தடவி, விரலைப் பார்த்தார். பிறகு என்னை நோக்கி, "வண்டியைச் சீர்செய்யச் சொல்லுகிறீர்களா, மூடிவைக்கச் சொல்லுகிறீர்களா, தம்பி?" என்று கேட்டார்.

நான் என் கணக்கைச் சொன்னேன். அவர் தலையசைத்து மறுத்தார். "துருவின் மேல் பூசினால் துரு சாகாது, உள்ளேயே வளரும். வருகிற மழைக்கே கொப்புளம் கொப்புளமாகத் தூக்கிவிடும். அந்த வேலைக்கு நான் ஆளில்லை. இதில் ஒன்பது வண்டிகளுக்குப் பூச்சே வேண்டாம். மேலே செத்துப்போனதை எடுத்துவிட்டால், கீழே உயிருள்ள நிறம் இருக்கிறது. மூன்றுக்கு மட்டும் அங்கங்கே பூசினால் போதும்" என்றார். செலவு என் கணக்கைவிடக் குறைவாகவே வந்தது. ஆனால் உடலுழைப்பு அதிகம். எனவே மாலை நேரங்களில் நானும் களப்பணியாளர்களும் அவருக்குக் கைகொடுப்பது என்று முடிவாயிற்று.

அப்படித்தான் நான் அந்த வேலையைக் கற்றேன். முதலில் சோப்பு நீரால் கழுவவேண்டும். ஒட்டியிருக்கும் தாரையும் பிசுக்கையும் மண்ணெண்ணெய்த் துணியால் எடுத்து, மறுபடியும் கழுவி, நிழலில் உலர்த்தவேண்டும். ஒரு மணல் துகள் மிஞ்சினாலும் அது தேய்க்கும்போது பூச்சைக் கீறிவிடும். மிகவும் மங்கிய இடங்களில் 1500 எண் வாட்டர் பேப்பரைச் சோப்பு நீரில் நனைத்து, எடையே இல்லாமல் தேய்க்கவேண்டும். அதன் பிறகு ரப்பிங் காம்பவுண்டைத் துணியில் எடுத்து, உள்ளங்கையகல இடமாகத் தேய்த்துக்கொண்டே போகவேண்டும். துணி சிவந்துகொண்டே வரும். இறுதியில் மெழுகுப் பாலிஷ்.

துணி சிவப்பதைக் கண்டு நான் மகிழ்ந்தேன். அண்ணாச்சியோ, "மகிழாதீர்கள், தம்பி, அது வண்டியின் தோல்" என்றார். ஒரு வண்டியின் மேலுள்ள பூச்சு முழுவதும் சேர்ந்து ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கனமே இருக்கும். ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் அதில் சிறிது போய்விடுகிறது. விளிம்புகளிலும் மடிப்புகளிலும் அது இன்னும் மெல்லியது. அங்கே அழுத்தித் தேய்த்தால் இரும்பு தெரிந்துவிடும். ஆதலால் தேவைக்கு மேல் தேய்ப்பதும் தவறே. இக்காலத்து வண்டிகளில் நிறத்தின் மேல் நிறமற்ற ஒரு பூச்சும் இருக்கிறது. அவற்றில் துணியில் நிறம் வரக்கூடாது; வந்தால் மேற்பூச்சைத் தாண்டிவிட்டோம் என்று பொருள்.

பூச்சுத் தேவைப்பட்ட மூன்று வண்டிகளில், துருவை இரும்பு தெரியுமட்டும் சுரண்டி எடுத்து, பிரைமர் அடித்து, பள்ளங்களைப் பட்டி வைத்து நிரவி, தேய்த்துச் சமப்படுத்தி, அதன் மேல் நிறத்தைத் தெளித்தார். அவர் பயன்படுத்தியது 'டூகோ' என்று நம் பட்டறைகளில் வழங்கும் பூச்சு. அது ஓர் அமெரிக்க நிறுவனம் 1923-இல் தன் பூச்சுக்கு இட்ட பெயர். அதற்கு முன்னர் ஒரு மோட்டார் வண்டிக்குப் பூசி உலர்த்த வாரக்கணக்கில் ஆகும். அந்தப் பூச்சோ விரைவில் உலர்ந்துவிடும். ஆனால் தெளித்தவுடன் அது மின்னாது, மங்கலாகவே நிற்கும். பொறுமையாகத் தேய்த்த பிறகே ஒளி விடும். மழைக்காலத்தில் அதற்கு மற்றொரு தொல்லையும் உண்டு. தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து, சிவப்பின் மேல் சாம்பல் பூத்தாற்போல் வெளுத்துவிடும். வானம் மூடியிருந்த நாட்களில் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் அண்ணாச்சி பீய்ச்சுக்குழலைத் தொடவே மாட்டார்.

இவ்வாறு வேலை செய்தபோதுதான் வண்டிகள் எனக்கு அறிமுகமாயின. அதுவரை அவை எனக்குப் பேரேட்டில் உள்ள எண்களே. இப்போதோ, பெட்ரோல் தொட்டியின் இரு பக்கங்களிலும் முழங்கால்கள் உரசி உரசித் தேய்ந்த இடங்களைக் கண்டேன். உயரமானவருக்கு ஓரிடத்தில், குட்டையானவருக்கு வேறோரிடத்தில். ஒருவர் இடது காலையே அழுத்தி உட்காருவார் போலும். அந்தப் பக்கம் மட்டும் இரும்பு வெளுத்திருந்தது. ஆண்டுக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் அவர்கள் அலைந்த அலைச்சலெல்லாம் அங்கே எழுதப்பட்டிருந்தது. நான் அதை அதுவரை படித்ததில்லை.

ஏழாவது வண்டியில் அது நிகழ்ந்தது. அண்ணாச்சி இருக்கையைக் கழற்றிவிட்டு, அதன் கீழுள்ள சட்டத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அது வெளியே தெரியாத இடம் அல்லவா அண்ணாச்சி, யார் பார்க்கப் போகிறார்கள்?" என்றேன். "துடைக்கிற கை பார்க்கும்" என்றார் அவர். அடுத்த கணமே அவருடைய கை நின்றது.

மருந்துப் பெட்டியைத் தாங்கும் கேரியருக்காக, உள்ளூர்ப் பட்டறையில் நாங்களே ஓர் இரும்புத் துண்டைச் சட்டத்தோடு பற்றவைத்திருந்தோம். அந்தப் பற்றின் ஓரத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு பழுப்புக் கோடு. அவர் துடைத்தார், போகவில்லை. பூச்சைக் கத்தியால் சுரண்டினார். கோடு இரும்பிலும் இருந்தது. மண்ணெண்ணெயை அதன் மேல் தடவி, சற்று நேரம் விட்டு, நன்றாகத் துடைத்தெடுத்தார். பிறகு வெள்ளைச் சுண்ணக்கட்டியைப் பொடித்துத் தூவினார். நாங்கள் சுற்றி நின்று பார்த்தோம். சிறிது சிறிதாக அந்த வெண்மையின் நடுவே ஈரமான ஒரு கோடு ஊறி எழுந்தது. விரிசலுக்குள் புகுந்த எண்ணெய் வெளியே வருகிறது என்று அண்ணாச்சி விளக்கினார். சட்டக் குழாயின் சுற்றில் பாதிக்கு மேல் அது ஓடியிருந்தது.

அவ்வண்டியை ஓட்டியவர் என்னைவிட மூத்தவர். மூன்று குழந்தைகளின் தந்தை. இரண்டு மாதங்களுக்கு முன்னர் அவர் என்னிடம் வந்து, "வளைவில் திரும்பும்போது பின்பக்கம் ஒரு மாதிரி ஆடுகிறது, தம்பி" என்று சொல்லியிருந்தார். நான் தலை நிமிராமலே, வண்டிக் குறிப்பேட்டில் 'பின்சக்கரக் காற்றைச் சரிபார்க்கவும்' என்று எழுதி அனுப்பிவிட்டேன். அதன் பின்னும் அவர் அதே வண்டியில் அதே பாரத்தோடு மணப்பாடு வரை போய் வந்துகொண்டிருந்தார். இப்போது அவரும் அங்கே நின்றார். அந்தக் கோட்டை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் ஏசியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. என் கணக்குப்படியே வேலை நடந்திருந்தால், அந்தக் கோட்டின் மேல் அழகிய சிவப்புப் பூச்சு ஏறியிருக்கும். விரிசல் மறைந்திருக்கும்; வளர்ந்தும் இருக்கும். பிறகு ஏதாவது ஒரு வளைவில்... அதற்கு மேல் எண்ண அஞ்சினேன்.

பார்வையிடும் நாள் வந்தது. பதினொரு வண்டிகள் வரிசையாக மின்னின. பன்னிரண்டாவது, இருக்கையும் கேரியரும் இன்றி, சுரண்டிய சட்டத்தோடு ஓரத்தில் நின்றது. அதைப் பின்புறக் கொட்டகையில் தள்ளிவிடுமாறு மேலாளர் முந்தின நாளே சொல்லியிருந்தார். நான் தள்ளவில்லை. வந்த அதிகாரி நேரே அதனிடமே சென்று காரணம் கேட்டார். குறிப்பேட்டைத் திறந்து, நான் எழுதிய வரியைக் காட்டி, நடந்ததைச் சொன்னேன். என் குரல் நடுங்கியது. அவர் பாராட்டவுமில்லை, கடிந்துகொள்ளவுமில்லை. எல்லா வண்டிகளிலும் கேரியர் பற்றவைத்த இடத்தை உடனே ஆராயவேண்டும் என்று எழுதிவிட்டுச் சென்றார். ஆராய்ந்தபோது மேலும் ஒரு வண்டியில் விரிசல் தொடங்கியிருந்தது. மேலாளர் சில வாரங்கள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அது எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

அதன் பின் எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. சனிக்கிழமை மாலையில் அரைமணி நேரம், ஒவ்வொருவரும் தம் வண்டியைத் தம் கையாலேயே துடைப்பார்கள். அழகுக்காக அன்று, பார்ப்பதற்காக. தளர்ந்த ஆணி, கசியும் எண்ணெய், தேய்ந்த கம்பி ஆகியவற்றை அந்தத் துணிகளே கண்டுபிடித்தன. குறிப்பேட்டில் யார் எந்தக் குறையைச் சொன்னாலும், நான் எழுந்துபோய் வண்டியைத் தொட்டுப் பார்த்த பிறகே எழுதினேன். பணி ஓய்வு பெறும்வரை அதை விடவில்லை.

பெயின்டர் அண்ணாச்சி மறைந்து ஆண்டுகள் பல ஆயின. பளபளப்பு இரண்டு வகை என்பதை அவர் எனக்குக் கற்பித்தார். ஒன்று, உள்ளதை மூடுவதால் வருவது. மற்றொன்று, உள்ளதைத் துடைத்துத் துடைத்துக் காண்பதால் வருவது. தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். முதல் மழைதான் வேற்றுமையைக் காட்டும்.

நம் வீடுகளிலும் "ஒரு மாதிரி ஆடுகிறது" என்று யாரோ ஒருவர் நம்மிடம் வந்து சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பள்ளி விட்டு வந்த பிள்ளையாக இருக்கலாம். அடுப்படியில் நிற்கும் மனைவியாக இருக்கலாம். திண்ணையில் அமர்ந்திருக்கும் முதிய தாயாக இருக்கலாம். நாமோ தலை நிமிராமலே காற்றைச் சரிபார்க்கச் சொல்லி அனுப்பிவிடுகிறோம்.

வரும் ஞாயிறு மாலையில் கோடி வீட்டு இளைஞரிடம் போகலாம் என்றிருக்கிறேன். கையில் ஒரு பழைய துணியும் சிறிது மண்ணெண்ணெயும் எடுத்துக்கொண்டு போவேன். இருக்கையைக் கழற்ற மட்டும் அவர் உதவவேண்டும். என் விரல்களில் இப்போது அவ்வளவு வலு இல்லை.